நான்கு சதவீதம் காட்டிய கட்டுரை: கொழும்பின் தமிழ் ஆய்விதழ் ஒன்றில் கருத்துத் திருட்டு

கொழும்பிலிருந்து ஆண்டுக்கு இருமுறை வெளிவரும் ஒரு தமிழ்ச் சமூகவியல் ஆய்விதழ். பதிப்பாசிரியர் ஒருவர், உதவிப் பதிப்பாசிரியர்கள் இருவர். மூவரும் முழுநேர விரிவுரையாளர்கள், இதழ் வேலை இரவில்தான் நடக்கும். அந்த இதழுக்கு நுண்கடனும் பெண்களின் வாழ்வாதாரமும் பற்றி ஒரு கட்டுரை வருகிறது. சுமார் 5,400 சொற்கள், 31 உசாத்துணைகள், இரண்டு ஆசிரியர்கள். டர்னிட்டின் என்ற ஒப்புமை காணும் மென்பொருளில் போட்டுப் பார்த்தால் ஒப்புமை 4 சதவீதம். 'சுத்தம்' என்று குறித்து இரண்டு மீளாய்வாளர்களுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

இது ஒரு மாதிரி வழக்கு. தமிழ் ஆய்விதழ்களின் மேசைக்கு வழமையாக வந்துசேரும் சிக்கல்களை ஒன்றுசேர்த்துக் கட்டியிருக்கிறோம். எந்த ஓர் இதழையோ ஆளையோ குறிப்பதல்ல.

முதலாம் மீளாய்வாளர் சிறு திருத்தங்களுடன் ஏற்கலாம் என்று எழுதினார். இரண்டாமவரின் குறிப்பு ஒரே வரி: "இரண்டாம் பகுதியை எழுதியவர் இலங்கையில் இருந்து எழுதவில்லை."

இரண்டு கை

கட்டுரையின் முதலாம், மூன்றாம் பகுதிகளில் பிரதேச செயலகம், கிராம சேவையாளர் பிரிவு, சமுர்த்தி, பாடசாலை, ரூபா. இலக்கிய மீளாய்வான இரண்டாம் பகுதிக்குள் நுழைந்ததும் ஊராட்சி, சுயஉதவிக் குழு, மேல்நிலைப் பள்ளி, ரூபாய், சதவிகிதம். கலாநிதிகள் எல்லாம் முனைவர்களாகிவிடுகிறார்கள். வவுனியாவில் கள ஆய்வு செய்தவர் ஐந்தாறு பக்கம் தமிழ்நாட்டு நிர்வாகச் சொற்களில் எழுதிவிட்டுத் திரும்பவும் வவுனியாத் தமிழுக்கு வருவது இயல்பல்ல. இந்தியச் சூழலைப் பேசும்போது இந்தியச் சொல் வரலாம்தான். ஆனால் இங்கே இலங்கைப் பெண்களைப் பற்றிய பொது வாக்கியத்திலும் 'ஊராட்சி' நுழைந்திருந்தது.

சொல் வழக்கு ஒரு சந்தேகம் மட்டுமே, சான்றாகாது. சான்றைத் தேட உதவிப் பதிப்பாசிரியர் செய்தது இது. இரண்டாம் பகுதியிலிருந்து மிகவும் தனித்தன்மையான மூன்று வாக்கியங்களைப் பொறுக்கினார். ஒவ்வொன்றிலும் பெயர்ச்சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு, விகுதிகளைக் கழற்றி, சோத்கங்கா எனப்படும் இந்திய ஆய்வேட்டுக் களஞ்சியத்திலும் பொதுத் தேடலிலும் தேடினார். முதல் இரண்டு வாக்கியத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாவது ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டின் தலைப்பில் கொண்டுபோய் நிறுத்தியது. அதன் இரண்டாம் இயலைத் திறந்து பக்கத்தில் வைத்து வாசித்தால் பந்திகளின் வரிசை ஒன்று, மேற்கோள்களின் வரிசை ஒன்று, உபதலைப்புகளில் நான்கு ஒன்று.

ஒரு வாக்கியத்தை நெருங்கிப் பார்க்கலாம். ஆய்வேட்டில்:

"சுயஉதவிக் குழுக்களில் இணைந்த பெண்களின் சேமிப்புப் பழக்கம் அதிகரித்துள்ளதோடு, குடும்ப முடிவுகளில் அவர்களின் பங்கேற்பும் உயர்ந்துள்ளது."

கட்டுரையில்:

"பெண்கள் சுயஉதவிக் குழுக்களில் சேர்ந்ததனால் குடும்பத் தீர்மானங்களில் அவர்களது பங்களிப்பு உயர்ந்ததுடன் சேமிக்கும் பழக்கமும் கூடியுள்ளது."

இரண்டிலும் அடுத்தடுத்து அப்படியே நிற்பவை 'சுயஉதவிக் குழுக்களில்' என்ற இரண்டு சொற்கள் மட்டுமே. மற்றதெல்லாம் இடம் மாறியது, விகுதி மாறியது, ஒத்த சொல்லால் மாற்றப்பட்டது. மென்பொருள் இதைப் பார்த்து நிற்காது. வாசிக்கத் தெரிந்த எவரும் நிற்பார்.

வழக்கை முடித்துவைத்தது ஒரு தட்டச்சுப் பிழை. வங்காளதேசத்தின் கிராமீன் வங்கி முழு வங்கியானது 1983இல். ஆய்வேட்டில் அந்த ஆண்டு 1938 என்று இடம் மாறி அச்சாகியிருந்தது. கட்டுரையிலும் 1938. ஒரே உண்மையை இருவர் தனித்தனியாக எழுத முடியும். ஒரே பிழையை ஒரே இடத்தில் தனித்தனியாக விடுவது அரிது. திருட்டை நிறுவ வேண்டிய பதிப்பாசிரியர் முதலில் தேட வேண்டியது இரண்டுக்கும் பொதுவான பிழைகளைத்தான்: தவறான ஆண்டு, தவறிய பக்க எண், ஆசிரியர் பெயரின் முதலெழுத்து மாறியது, இல்லாத நூலுக்கான உசாத்துணை. வாக்கியத்தை மாற்றி எழுதுபவர் எண்ணை மாற்றுவதில்லை.

ஏன் 4?

டர்னிட்டினும் அதன் ஆய்விதழ்ப் பதிப்பான ஐதென்டிகேட்டும் செய்வது சொற்கோவைகளை ஒப்பிடுவது. வலையிலும் வெளியீட்டுத் தரவுத்தளங்களிலும் உள்ள எழுத்தோடு எவ்வளவு கோவை பொருந்துகிறது என்று சொல்லும். அது திருட்டை அளப்பதில்லை, ஒப்புமையை அளக்கிறது. ஆங்கிலத்திலேயே இந்த வேறுபாடு முக்கியம் என்றால் தமிழில் இருமடங்கு முக்கியம். தமிழில் சொல் வரிசை நெகிழ்வானது. வேற்றுமை, எண், காலம், இடம் எல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். 'முடிவுகளில்' என்பதைத் 'தீர்மானங்களிலே' ஆக்கினால் இயந்திரத்துக்கு அது புதுச் சொல்.

இந்தியப் பல்கலைக்கழக மானியக்குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளை இங்கும் பலர் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார்கள். அதன்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10 முதல் 40, 40 முதல் 60, 60க்கு மேல் என்று படிநிலைகள். பொதுஅறிவுச் செய்திகளில் தொடர்ந்து 14 சொற்கள் வரை பொருந்தினால் கணக்கில் எடுக்க வேண்டாம் என்ற விலக்கும் உண்டு. மேலே உள்ள ஆய்வேட்டு வாக்கியத்தை எண்ணிப் பாருங்கள்: மொத்தமே 12 சொற்கள். முழு வாக்கியத்தையும் எழுத்துப் பிசகாமல் எடுத்தாலும் அது 14ஐத் தொடாது. இந்த எண்ணை வடிகட்டியாக மென்பொருளில் போட்டுவிட்டுத் தமிழ்க் கட்டுரையைச் சோதிப்பது வலையின் கண்ணைப் பெரிதாக்கிவிட்டு நெத்தலி பிடிக்கப் போவதுதான்.

அடுத்தது எழுத்துரு. இலங்கையில் பாமினி என்ற பழைய எழுத்துரு இன்னும் ஓயவில்லை. பாமினியில் தட்டிய கோப்பு கண்ணுக்குத் தமிழ். கணினிக்கு அது ரோமன் எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் கலந்த குவியல். யூனிகோடுக் கட்டுரை ஒன்று பாமினிப் பிடிஎஃப் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டிருந்தால் இரண்டும் இயந்திரத்தின் கண்ணில் இரு வேறு மொழிகள். இதற்கு ஓர் எதிர்வழி உண்டு. சந்தேக வாக்கியத்தை எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டுப் பாமினிக்கு மாற்றி, அந்தக் குவியலையே தேடுபொறியில் ஒட்டித் தேடலாம். பாமினியில் அரைப்புள்ளிக் குறிதான் மெய்யெழுத்தின் புள்ளி. தேடுபொறிகள் அதைத் தள்ளிவிடுவதால் எப்போதும் சிக்காது. சிக்கும்போது பழைய ஆண்டு மலர்களும் மாநாட்டுத் தொகுப்புகளும் வந்து விழும்.

யூனிகோடிலும் பொறிகள் உள்ளன. கொம்புக்கால் ஒகரத்தை ஒரே குறியாகவும் தட்டலாம், கொம்பு வேறு கால் வேறாக இரண்டு குறியாகவும் தட்டலாம். கண்ணுக்கு வித்தியாசம் இல்லை. 'ஔ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஒ', 'ள' என்று இரண்டெழுத்துத் தட்டுவது, காலுக்குப் பதில் ரகரம் போடுவது, 'க' இடத்தில் தமிழ் எண் ஒன்று, 'எ' இடத்தில் தமிழ் எண் ஏழு. இவை பெரும்பாலும் பழைய கோப்பு மாற்றத்தின் கழிவு. சிலவேளை மென்பொருளை ஏய்க்க வேண்டுமென்றே செய்ததும் உண்டு. கண்டுபிடிப்பது எளிது: கட்டுரையில் கண்ணுக்குப் பலமுறை தெரியும் ஒரு சொல்லை, 'காலம்' என்று வைத்துக்கொள்வோம், சொற்செயலியில் தேடுங்கள். பக்கத்தில் பத்து இடத்தில் தெரிவது தேடலில் நான்குதான் வந்தால் மிச்ச ஆறும் வேறு குறியால் ஆனவை. அந்தக் கோப்பைச் சோதனைக்கு அனுப்பாமல் திருப்பி அனுப்புங்கள்.

வருடிய (ஸ்கேன் செய்த) பக்கங்கள் இன்னொரு இருட்டு. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்துத் தமிழ் வெளியீடுகள் பெருமளவில் உள்ளன. அவற்றில் பல வெறும் பக்கப் படங்கள். எழுத்தாகத் தேட முடியாது. எனவே ஈழத்து இலக்கியம், வரலாறு, நாட்டாரியல் பற்றிய கட்டுரைகளுக்கு 0 சதவீதம் வந்தால் நிம்மதி கொள்ள ஒன்றுமில்லை. அந்தத் தலைப்பில் வந்த மலர்களையும் சிறுசஞ்சிகைகளையும் கையால் புரட்ட வேண்டும். அங்கே வருடப்படாதவைக்கு வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம், கொழும்பு 7இல் தேசிய நூலகமும் சுவடிகள் திணைக்களமும் இருக்கின்றன. அரை நாள் வேலை. தலைப்பை நன்கறிந்த மீளாய்வாளர் கிடைத்தால் அதே வேலை பத்து நிமிடம். அதனால்தான் மீளாய்வாளர் தெரிவில் பதிப்பாசிரியர் மெனக்கெட வேண்டும்.

மொழிபெயர்ப்புத் திருட்டை மேற்சொன்ன எதுவும் பிடிக்காது. அதைப் பெரும்பாலும் காட்டிக்கொடுப்பவை ஊர்ப் பெயர்களும் ஆட்பெயர்களும். மட்டக்களப்பு 'பட்டிகலோ' ஆவதும், திருகோணமலை 'டிரிங்கோமலி' ஆவதும், வெள்ளவத்தை 'வெல்லவாட்டே' ஆவதும் ஆங்கில மூலத்தின் தடம். சிங்கள மூலமென்றால் 'மடகலபுவ', 'யாபனய'. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் அந்தப் பந்தியை இயந்திர மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்கும் சிங்களத்துக்கும் மாற்றி, வரும் வாக்கியத்தின் எண்களையும் பெயர்களையும் சேர்த்துத் தேடலாம். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் ஆசிரியர் குழுவில் இருப்பது கொழும்பில் வெளிவரும் தமிழ் இதழுக்கு ஆடம்பரமல்ல.

கடிதம்

மேசையில் ஏழு பகுதிகளுக்கான ஒப்பீட்டு அட்டவணை தயாரானது. இடப்பக்கம் ஆய்வேடு, வலப்பக்கம் கட்டுரை, இரண்டுக்கும் பக்க எண். எடுக்கப்பட்டது சுமார் 1,300 சொற்கள், அந்த ஆய்வேடு உசாத்துணையில் எங்கும் இல்லை. 1997இல் பிரித்தானியாவில் தொடங்கிய கோப் என்ற வெளியீட்டு நெறிமுறைக் குழு இதற்கான ஒழுங்கைப் பாய்வுப் படமாகத் தந்திருக்கிறது: முதலில் ஆவணச் சான்று, பிறகு தொடர்பாசிரியரிடம் (இதழோடு கடிதத் தொடர்பு வைக்கும் ஆசிரியர்) விளக்கம், விளக்கம் வராவிட்டால் இணையாசிரியர்கள் எல்லோரிடமும், அதுவும் இல்லையென்றால் அவர்களது நிறுவனத்திடம். சிறு தொடர்கள் மட்டும் பொருந்தினால் மாற்றி எழுதி மூலத்தைச் சுட்டச் சொல்லலாம். பெரும் பகுதியோ தரவோ எடுக்கப்பட்டிருந்தால் நிராகரிப்பு.

பல இதழ்கள் சறுக்குவது கடிதத்தின் தொனியில். 'நீங்கள் திருடியுள்ளீர்கள்' என்று எழுதினால் பதிலுக்குச் சட்டத்தரணியின் கடிதம் வரும். ஒன்றுமே சொல்லாமல் 'இதழின் தரத்துக்குப் பொருந்தவில்லை' என்று திருப்பினால் அதே கட்டுரை அடுத்த மாதம் வேறோர் இதழில் வரும். போக வேண்டிய கடிதம் இவ்வளவுதான்:

"தங்கள் கட்டுரையின் 4 முதல் 9 வரையான பக்கங்களுக்கும் இணைப்பில் உள்ள ஆய்வேட்டின் இரண்டாம் இயலுக்கும் இடையே அட்டவணையில் காட்டியுள்ள ஒற்றுமைகள் காணப்படுகின்றன. அந்த ஆய்வேடு தங்கள் உசாத்துணையில் இடம்பெறவில்லை. இது குறித்துத் தங்கள் எழுத்துமூல விளக்கத்தை 14 நாட்களுக்குள் எதிர்பார்க்கிறோம். அதுவரை மீளாய்வு நிறுத்தி வைக்கப்படுகிறது."

தொலைபேசியில் பேசக் கூடாது. கொழும்புத் தமிழ்க் கல்வி உலகம் சிறியது. யார் யாருக்கோ மாணவர், யார் யாருக்கோ சம்பந்தி. பேச்சில் போனது இரக்கமாகவும் பகையாகவும் திரியும், எழுத்தில் போனது எழுத்தாகவே நிற்கும்.

தொடர்பாசிரியரின் பதில் பத்தாம் நாள் வந்தது. குறிப்பெடுத்தபோது மூலம் எழுதத் தவறிவிட்டது, பதவியுயர்வு விண்ணப்பத்தின் கடைசித் தேதி நெருங்கியிருந்தது, மூலத்தைச் சேர்த்துத் தருகிறேன் என்றார். இரண்டாம் ஆசிரியர் அவரது மேற்பார்வையாளரே; தன் பெயர் போடப்பட்டதே தெரியாது என்று அவர் தனியே எழுதினார். இரண்டாவது பதில்தான் அதிகம் யோசிக்க வைப்பது. இதழ் தன் பக்கத்தில் ஒரு ஓட்டையை வைத்திருந்தது: கட்டுரை கிடைத்தது என்ற மின்னஞ்சல் அதை அனுப்பியவருக்கு மட்டுமே போயிருந்தது.

கள ஆய்வு உண்மையானது, நேர்காணல்கள் அவருடையவை. எனவே இலக்கிய மீளாய்வுப் பகுதியை மாற்றி எழுதித் தரச் சொல்லலாமே என்று குழுவில் ஒருவர் வாதிட்டார். ஈர்ப்பான வாதம், ஆனால் நிற்காது. கட்டுரையின் கால்வாசி இன்னொருவருடையது, வாக்கியம் வாக்கியமாக உருமாற்றப்பட்டது. குறிப்பெடுத்தபோது தவறிய கட்டுரையில் விகுதிகள் இப்படி ஒழுங்காக மாறியிருக்காது. நிராகரிக்கப்பட்டது. துறைத் தலைவருக்கு அட்டவணையும் கடிதப் போக்குவரத்தும் மட்டும் அனுப்பப்பட்டன, தீர்ப்பு எதுவும் எழுதப்படவில்லை. விசாரணை நிறுவனத்தின் வேலை. இரண்டாம் மீளாய்வாளருக்கு முடிவு அறிவிக்கப்பட்டது. இதைப் பலர் மறந்துவிடுவதால்தான் நல்ல மீளாய்வாளர்கள் அடுத்த முறை ஒரு வரிகூட எழுதுவதில்லை.

சட்டம் பற்றி இரண்டு வார்த்தை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆக்கியோனின் பெயர் சுட்டப்படும் உரிமையைக் காக்கிறது, நியாயமான பயன்பாட்டுக்கும் இடம் தருகிறது. ஆனால் அது வெறும் கருத்துகளைக் காப்பதில்லை. ஆக்கியோன் இறந்து 70 ஆண்டுகள் கடந்தால் பொருளாதார உரிமையும் தீரும். 1879இல் மறைந்த ஆறுமுக நாவலரின் வசனத்தை யாரும் அச்சிடலாம். பெயர் சொல்லாமல் எடுத்து ஆய்வுக் கட்டுரையில் வைத்தால் அது கருத்துத் திருட்டே. 'பதிப்புரிமை இல்லையே' என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை.

மேசையில் மாறியவை

இதழ் முதலில் தன் வழிகாட்டியிலிருந்து '20 சதவீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும்' என்ற வரியை எடுத்தது. எல்லையை அறிவித்தால் எழுதுவோர் எல்லைக்கு எழுதுவார்கள், 19இல் வந்து நிற்கும். அதற்குப் பதில் ஒப்புமை அறிக்கையை முழுதாக வாசிப்பது என்று ஆனது. உசாத்துணைப் பட்டியலை விலக்கிவிட்டு, நிறம் பூசிய பகுதிகள் எங்கே குவிந்திருக்கின்றன என்று பார்ப்பார்கள். சட்டப் பிரிவுகளிலும் நிறுவனப் பெயர்களிலும் சிதறிக் கிடக்கும் 25 சதவீதம் ஒன்றுமில்லை. விவாதப் பகுதியில் ஒரே மூலத்திலிருந்து வரும் 3 சதவீதம் எல்லாமே.

கோப்பு யூனிகோடில் சொற்செயலிக் கோப்பாகவே வர வேண்டும், பிடிஎஃப் கூடாது. கட்டுரை கிடைத்ததும் எல்லா ஆசிரியர்களுக்கும் தனித்தனி மின்னஞ்சல், ஒவ்வொருவரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் அடுத்த படி. மீளாய்வுக்கு அனுப்புமுன் மேசைச் சோதனை, கட்டுரைக்கு ஏறக்குறைய 45 நிமிடம்: மூன்று வாக்கியம் மேலே சொன்ன முறையில் தேடுதல், ஐந்து உசாத்துணைகளைத் தற்செயலாக எடுத்து அவை உண்மையில் இருக்கின்றனவா என்று பார்த்தல். கிடைக்காதவற்றுக்கு அந்தப் பக்கத்தின் படத்தை ஆசிரியரிடம் கேட்பது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இல்லாத நூல்களை அழகான உசாத்துணையாக்கித் தரும் காலத்தில் இந்த ஐந்து, மென்பொருளைவிட அதிகம் பிடிக்கிறது. அத்தகைய கருவியைப் பயன்படுத்தினால் எங்கே, எதற்கு என்று ஆசிரியர் சொல்ல வேண்டும். கருவி ஆசிரியராக முடியாது என்பது 2023 முதல் கோப் அமைப்பின் நிலைப்பாடும்கூட.

அனுப்பும் படிவத்தில் மூன்று கேள்விகள் சேர்ந்தன. இக்கட்டுரை உங்கள் ஆய்வேட்டிலிருந்து வருகிறதா? ஆய்வரங்கில் சுருக்கமாகவோ விரிவாகவோ அச்சாகியிருக்கிறதா? வேறு மொழியில் வெளிவந்திருக்கிறதா? 'ஆம்' என்பது தடையல்ல. பல்கலைக்கழகங்களின் வருடாந்த ஆய்வரங்குத் தொகுப்பில் வந்த ஒரு பக்கச் சுருக்கம் முழுக் கட்டுரையாவது முறையானதே. நான்கு பக்க விரிசுருக்கம் வந்திருந்தால் எது புதிது என்று முதலாம் பக்க அடிக்குறிப்பில் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் வந்ததைத் தமிழில் தருவதும் தேவையான வேலை. முதல் இதழின் அனுமதியும், 'இது இன்ன இடத்தில் வெளிவந்ததன் தமிழாக்கம்' என்ற வரியும் இருந்தால் போதும். பதவியுயர்வுப் புள்ளிக்கு இரண்டையும் இரண்டாகக் காட்ட முடியாது என்பதால் பலர் அந்த வரியை விரும்புவதில்லை. விரும்பாததே காரணத்தைச் சொல்லிவிடுகிறது.

ஒரு தொழில்நுட்ப எச்சரிக்கை. கட்டுரை எழுதுவோர் தங்கள் வரைவைப் பல்கலைக்கழகக் கணக்கில் முன்னரே சோதித்துப் பார்ப்பதுண்டு. அந்தக் கணக்கு கோப்பைக் களஞ்சியத்தில் சேமிக்கும் அமைப்பில் இருந்தால், பிறகு இதழ் சோதிக்கும்போது 95 சதவீதம் 'மாணவர் ஆவணம்' என்று வரும். நேர்மையான ஆசிரியர் குற்றவாளியாவது இப்படித்தான். அந்த மூலத்தைத் திறந்து பார்த்து, அது அவருடைய வரைவே என்று உறுதியானால் விலக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இதழின் கணக்கும் களஞ்சியத்தில் சேமிக்காத அமைப்பிலேயே இருக்க வேண்டும்.

பழைய கட்டுரை

இவ்வளவும் முடிந்த பின், அதே ஆசிரியர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே இதழில் எழுதிய கட்டுரையையும் குழு எடுத்துப் பார்த்தது. பாதிக்கு மேல் அதே ஆய்வேட்டின் நான்காம் இயல். வெளிவந்த கட்டுரைக்கு வழி வேறு. விளக்கம் கேட்கும் படி மாறாது, முடிவு மீளப்பெறல். அமைதியாக இணையத்திலிருந்து அழித்துவிடுவதே பலருக்கு முதலில் தோன்றும். அது தவறு. கட்டுரையை மேற்கோள் காட்டியவர்கள் இருக்கிறார்கள். அழித்தால் அவர்கள் காட்டியது என்னவென்றே தெரியாமல் போகும்.

டிஓஐ எண் (கட்டுரையின் நிரந்தர இணைய அடையாள எண்) அப்படியே இருக்கும், கட்டுரைப் பக்கமும் இருக்கும். தலைப்பின் முன் 'மீளப்பெறப்பட்டது' என்று சேரும், பிடிஎஃபின் ஒவ்வொரு பக்கத்திலும் அதே சொல் குறுக்கே அச்சாகும். தனி அறிவிப்பு ஒன்று தன் சொந்த டிஓஐயுடன் வெளிவந்து கட்டுரையோடு இணைக்கப்படும். அதில் யார் மீளப்பெறுகிறார் என்பதும் காரணமும் வெளிப்படையாக இருக்க வேண்டும். 'நெறிமுறைக் காரணங்களால்' என்று மழுப்பினால் வாசகர் தரவுப் பொய்யா, பெயர்ச் சண்டையா என்று ஊகிப்பார். எந்த நூலின் எந்தப் பகுதி மூலம் சுட்டாமல் எடுக்கப்பட்டது என்று இரண்டு வாக்கியத்தில் எழுதினால் போதும். அறிவிப்பை வாசிக்கக் கட்டணமோ கடவுச்சொல்லோ கூடாது. களஞ்சியங்களுக்குப் போன பிரதியின் மீதரவையும் (தலைப்பு, ஆசிரியர் போன்ற விவரப் பதிவு) திருத்தக் கேட்க வேண்டும். இல்லையென்றால் தேடுபொறி பழையதையே காட்டிக்கொண்டிருக்கும்.

அச்சுப் பிரதிகளை யாராலும் திரும்ப வாங்க முடியாது. அடுத்த இதழின் பொருளடக்கத்தில் மீளப்பெறல் அறிவிப்புக்குத் தனி வரியும் பக்க எண்ணும் கொடுக்கப்பட்டன. பின்னட்டையின் உட்பக்கத்தில் ஒளித்து வைத்தால் அட்டவணைப்படுத்துவோர் கண்ணில் படாது. சந்தா நூலகங்களுக்கு அந்த இதழோடு ஒட்டுத்தாள் ஒன்றும் போனது, பழைய இதழின் உரிய பக்கத்தில் ஒட்டிவைக்குமாறு ஒரு வரிக் கடிதத்துடன். ஆய்வேட்டின் ஆசிரியருக்கு அறிவிப்பின் பிரதி மின்னஞ்சலில் அனுப்பப்பட்டது.